குரோசாவா அல்ல, குரோஷா!

ஜப்பானிய சினிமா பற்றி ஏதோ எழுதியிருக்கிறேன் என்று நம்பி வந்தவர்கள் பொறுத்தருளவும். 'செவன் சாமுராய்' இன்னொரு நாள். இன்றைக்கு விஷயம் நூலும் ஊசியும்தான். அதிலும் மூக்கு வளைந்த ஒரே ஒரு ஊசி.

குரோஷா தெரியாதவர்கள் நம்ம ஊரில் இருக்கவே முடியாது. பெயர் வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ அந்தக் காலத்து டப்பா டிவி தலையில் ஒரு வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டு இருந்திருக்குமே, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு? அதேதான். தட்டை டிவி வந்து அந்தத் துணிக்கு உட்கார இடம் இல்லாமல் பண்ணிவிட்டது.

அந்தத் துணியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓட்டைதான் இருக்கும். சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், கொசுவலை மாதிரி வரிசையாக. நடுநடுவே சில சதுரங்களை மட்டும் நூலால் அடைத்து ரோஜாவோ மயிலோ கொண்டுவந்திருப்பார்கள். இந்த வகைக்கு ஃபிலே குரோஷா என்று பெயர். இரண்டுமே பிரெஞ்சு வார்த்தைகள். குரோஷா என்பதன் மூலச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்று அர்த்தம். ஃபிலே என்றால் வலை. முதலில் நிஜமாகவே முடிச்சுப் போட்டு வலை பின்னி, அதன் கட்டங்களில் ஊசியால் நூல் ஓட்டி லேஸ் செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கொக்கி ஊசியால் காப்பி அடித்ததுதான் இந்தப் பின்னல்.

எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய பெயரெல்லாம் கிடையாது. திறந்த கட்டம் 'ஜன்னல்', அடைத்த கட்டம் 'சுவர்'. ஆச்சி வைத்த பெயர்கள்.

சரி, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? போன செமஸ்டர் லீவில் பாளையங்கோட்டை வீட்டில் இருந்தேன். அம்மா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்தது. திறந்தால் எட்டுப் பத்து குரோஷா ஊசிகள், பிரிக்காத நூல் உருண்டைகள், மஞ்சளாகிப்போன டிசைன் தாள்கள். "இனிமே யாரு பின்னப் போறா? நூலையாவது யாருக்காச்சும் குடுத்துரலாம்" என்றார் அம்மா. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆச்சிக்கு 78 வயது. மூன்று வருஷமாகக் கண் பிரச்னை.

ஆச்சிக்கு வந்திருப்பது கண்புரை இல்லை. புரை என்றால் ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைத்திருப்பார்கள். இது விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோவது. வயதானவர்களுக்கு வரும். ஓரப் பார்வை அப்படியே இருக்கும், நேராகப் பார்க்கிற இடம்தான் போகும். அதனால் ஆச்சி வீட்டுக்குள் எதிலும் முட்டாமல் நடப்பார், முற்றத்தில் பூனை ஓடினால் "சூ" என்பார். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் முகம் தெரியாது. பேப்பர் படிக்க முடியாது. வெள்ளை நூலும் மெல்லிய ஊசியும் சுத்தமாகத் தெரியாது. தெரிய வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு இருக்கும். "எதைப் பாக்கணும்னு நெனைக்கேனோ அது மட்டும் மறைஞ்சு போவுது" என்பார்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. ஆச்சியின் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் போனாலும் மடியில் ஒரு நூல் உருண்டை உருளும். இந்த மூன்று வருஷமாக அந்தக் கைகள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன.

"குடுக்காதீங்கம்மா, நான் படிக்கேன்" என்று சொல்லிவிட்டேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. அன்றைக்கு நெட் பேக் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான் :-)

கண் தெரியாத வாத்தியாரிடம் கைவேலை கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் தெரியுமா? அவர் செய்து காட்டி நாம் பார்த்துச் செய்கிற கதையே இல்லை. "கையக் குடுல" என்று என் இடது கையை வாங்கினார். நூலைச் சுண்டு விரலில் ஒரு சுற்று, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரலுக்கு மேல் கொண்டுவந்தார். நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதை அந்த விரல்தான் முடிவு செய்யும். பிறகு என் வலது கை மேல் தன் கையை வைத்துக்கொண்டு பத்து சங்கிலி போட்டார். பதினொன்றாவது சங்கிலியை என் கை தானாகவே போட்டது.

அடுத்தது 'ட்ரெபிள்'. இதுதான் ஜன்னலுக்குக் கம்பி. ஆச்சி சொல்லும் மந்திரம் இது: "நூல ஒரு சுத்து சுத்து. ஓட்டைக்குள்ள விடு. இழுத்து வெளிய கொண்டா. ஊசில மூணு வளையம் இருக்கா? நூல வளைச்சு ரெண்ட விடு. இன்னொருக்கா வளைச்சு ரெண்ட விடு. ஒண்ணு மிச்சம். அவ்ளோதான்."

இங்கே ஒரு பொது அறிவிப்பு. இணையத்தில் வீடியோ பார்த்து இதைக் கற்கப் போகிறவர்கள் கவனிக்கவும். ஆச்சி ட்ரெபிள் என்று சொல்வதை அமெரிக்கர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்கர்கள் ட்ரெபிள் என்பது அதைவிட உயரமான இன்னொரு பின்னல். பிரிட்டிஷ் கணக்கு வேறு, அமெரிக்கக் கணக்கு வேறு. நம் ஊரில் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் படித்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்தான் சொல்வார்கள். டிசைன் எந்த ஊருடையது என்று பார்க்காமல் ஆரம்பித்தால் டேபிள் விரிப்பு போடப் போய் அது வேறு எதுவாகவோ முடியும்.

இனி கணக்கு. (கணக்கு என்றதும் ஓடாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான்.) ஒரு ஜன்னலுக்கு ஒரு ட்ரெபிள், இரண்டு சங்கிலி. கீழே இரண்டு தையலைத் தாண்டி அடுத்த ட்ரெபிள். ஆக ஒரு கட்டத்துக்கு மூன்று தையல். 20 கட்டம் வேண்டும் என்றால் 20-ஐ 3-ஆல் பெருக்கி 60. முதல் கம்பிக்குப் பதிலாக 3 சங்கிலி, அந்த ஜன்னலின் மேல் சட்டத்துக்கு 2 சங்கிலி. மொத்தம் 65 சங்கிலி. ஊசியில் இருந்து எண்ணி எட்டாவது சங்கிலியில் முதல் ட்ரெபிள். அப்புறம் 2 சங்கிலி, 2 தாண்டு, ஒரு ட்ரெபிள் என்று கடைசி வரை. வரிசை முடிந்ததும் திருப்பி, 5 சங்கிலி போட்டு, கீழே இருக்கிற கம்பி மேல் கம்பியாக நட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

சுவர் வேண்டும் என்றால் 2 சங்கிலிக்குப் பதிலாக அதே இடத்தில் 2 ட்ரெபிள். தனியாக நிற்கிற ஒரு சுவருக்கு இரண்டு பக்கக் கம்பியும் சேர்த்து 4 ட்ரெபிள். இரண்டு சுவர் சேர்ந்தால் 8 இல்லை, 7. ஏனென்றால் நடுக்கம்பி பொது. பத்து சுவர் சேர்ந்தால் 31. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, முடிந்தது. இதை ஆச்சி எந்தச் சூத்திரமும் இல்லாமல் மனதிலேயே வைத்திருக்கிறார்.

எல்லார் பின்னலும் சாய்கிற ஓர் இடம் உண்டு. அதை முதலிலேயே எச்சரித்தார். வரிசையின் கடைசிக் கம்பியை, கீழ் வரிசை ஆரம்பத்தில் போட்ட 5 சங்கிலியில் மூன்றாவது சங்கிலியின் தலையில் நட வேண்டும். அது கம்பி மாதிரி தெரியாது, சும்மா தொங்குகிற நூல் மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒரு ஜன்னல் காணாமல் போகும். சதுரமாக ஆரம்பித்தது சமோசாவாக முடியும். "வரிசை முடிஞ்சதும் எண்ணிரு. எண்ணாம திரும்பாத" என்றார்.

நான் எண்ணினேன். ஆனால் ஆச்சி விடவில்லை. "இங்க கொண்டா" என்று வாங்கிக் கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஓட்டினார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரல் நுனி லேசாக விழுந்து எழுந்தது. "இருபது. சரியா இருக்கு."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மூன்று வருஷமாக வீட்டில் எல்லாரும் (ஆச்சி உட்பட) குரோஷா கண்ணால் செய்கிற வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மெல்லிய நூலில் நெருக்கமான பூ போட வேண்டும் என்றால் கண் வேண்டும்தான். ஆனால் இந்த ஜன்னல் பின்னல் அப்படி இல்லை. ஊசி போக வேண்டிய இடம் கம்பியின் தலை. அதன் இரண்டு பக்கமும் ஓட்டை. விரலுக்கு அதைக் கண்டுபிடிக்க வெளிச்சம் எதற்கு?

மறுநாள் ஒரு வேலை செய்தேன். கட்டம் போட்ட நோட்டில் 'ப' என்று எழுதினேன். ஆச்சி பெயரின் முதல் எழுத்து. கட்டத்துக்கு என்றே படைக்கப்பட்ட எழுத்து அது. மூன்று நேர்கோடு. வளைவு, சுழி ஒன்றும் கிடையாது. திருப்பிப் பார்த்தாலும் அதே 'ப'. அடியில் 5 ஜன்னல், 10 சுவர், 5 ஜன்னல். இந்த மாதிரி இரண்டு வரிசை. அதற்கு மேல் 5 ஜன்னல், 2 சுவர், 6 ஜன்னல், 2 சுவர், 5 ஜன்னல் என்று எட்டு வரிசை. மேலும் கீழும் சும்மா ஜன்னல். இரண்டு நாள் ஆனது. எதுவும் சொல்லாமல் ஆச்சி மடியில் வைத்தேன்.

விரல்கள் முதலில் ஓரத்தை எண்ணின. பிறகு நடுவுக்கு வந்து ஒரு சுவரில் தட்டி நின்றன. கீழே போயின, குறுக்கே போயின, மேலே ஏறின. திரும்ப முதலில் இருந்து.

"ஏல, 'ப'ன்னா போட்டுருக்க?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மூணு வருசத்துல நான் வாசிச்ச எழுத்து இது ஒண்ணுதான்" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அவரே கேட்டார், "அந்த ஊசிய இங்க குடு."

பழைய மெல்லிய நூலைத் தொடவே இல்லை. கடையில் தடிமனான பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பத்தாவது கம்பியிலும் அடையாளத்துக்கு ஓர் ஊக்கு குத்தி வைத்தோம், பாதியில் எழுந்து போனாலும் எண்ணிக்கை தொலையாமல் இருக்க. முதல் வரிசைக்கு அரை மணி நேரம் ஆனது. நாலாவது நாள் ஆச்சி என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

இந்தப் பின்னல் நம் பக்கம் வந்த வழி பற்றியும் இரண்டு வார்த்தை. ஆச்சி இதைப் படித்தது நாசரேத் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில். தென்கோடியில் லேஸ் வேலைக்கு மிஷனரிகளோடு நீண்ட தொடர்பு உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, தலையணை மேல் நூல் சுற்றிய குச்சிகளை வைத்துப் பின்னுகிற வகை. அடிமைப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்களுக்கு அது சொந்தமாகக் காசு பார்க்கிற வழியானது. அயர்லாந்தில் 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆந்திராவில் நர்சாப்பூர் பக்கம் இன்றும் கோதாவரிக் கரை ஊர்களில் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த நர்சாப்பூர் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உலகச் சந்தைக்குச் சரக்கு உற்பத்தி செய்கிற இந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்வதில்லை. வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றுதான் கணக்கு. அதனால்தான் கூலியும் அப்படி.

எனக்கு இது புத்தக விஷயமாகத் தெரியவில்லை. ஆச்சியும் ஒரு காலத்தில் டவுனில் இருந்து வருகிற ஒரு ஏஜென்டுக்குப் பின்னிக் கொடுத்தவர்தான். அந்த ஆள் நூலை எடை போட்டுக் கொடுத்து, முடிந்த விரிப்பை எடை போட்டு வாங்குவாராம். கூலியும் எடைக்குத்தான். யோசித்துப் பாருங்கள், ஜன்னல் பின்னலில் எடை எங்கே இருக்கிறது? பாதி ஓட்டை! ஆனால் ஓட்டையும் எண்ணித்தானே போட வேண்டும்? "ஓட்டைக்கு யாரு காசு தருவாம்னு சிரிப்பான்" என்றார் ஆச்சி. ஒரு பெரிய விரிப்புக் கூலியில் இரண்டு படி அரிசி வாங்கலாமாம்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அகலம் 40 கட்டம், நீளம் 100 கட்டம் என்று ஒரு மேஜை விரிப்பு. மொத்தம் 4000 கட்டம். என் வேகத்தில் ஒரு கட்டத்துக்குப் 10 விநாடி. 40,000 விநாடி. 11 மணி நேரத்துக்கும் மேல், சாப்பிடாமல், கழுத்தைத் திருப்பாமல். ஆச்சி அந்தக் காலத்தில் இதில் பாதி நேரத்தில் முடித்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, சிம்னி விளக்கில்.

இன்னொன்று. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. ஆனால் கொக்கி ஊசி போடுகிற நிஜ குரோஷாவை அப்படியே போட்டுத் தள்ளுகிற இயந்திரம் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை. அதனால் கடையில் நிஜ குரோஷா சட்டையோ பையோ சல்லிசான விலையில் தொங்கினால், அது எங்கோ யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். விலை குறைந்திருப்பது யார் கணக்கில் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் கண்காட்சியில் இப்படி ஒன்றைப் பார்த்தால் "இதுக்குப் போயி இவ்ளோவா?" என்று நடையைக் கட்டுவோம் இல்லையா? ஒரு ஐந்து வரிசை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி வாயில் வராது.

லீவு முடிந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு ஊசி நூலோடு வந்து இறங்கினேன். அப்புறம் என்ன, ஒரே ரகளைதான். "மச்சி, எனக்கு ஒரு தொட்டில் துணி", "மாப்ள, ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சுன்னா உனக்கு ஒரு தொழில் ரெடி" இத்யாதி இத்யாதி. (நண்பர்களே, படிக்கிறீர்கள் என்று தெரியும்.) ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித ஆசிரியர், தாளில் சரியாக வரைந்து காட்ட முடியாத அதிபரவளையத் தளத்தைக் குரோஷாவில் பின்னி மாணவர்கள் கையில் கொடுத்தார். இது ஒன்றும் சின்ன வேலை இல்லை, சரியா?

நம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜன்னல் 0, சுவர் 1. படம் முழுக்க ஒரு பிட்மேப். இப்போது ராத்திரி எட்டரைக்கு நான் வீட்டுக்குப் போன் பண்ணுகிறேன். ஆச்சி ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். நான் இங்கே கட்ட நோட்டைப் பார்த்து, "ஜன்னல் பன்னெண்டு, சுவர் மூணு, ஜன்னல் ரெண்டு, சுவர் மூணு..." என்று வாசிக்கிறேன். மல்டிமீடியா பேப்பரில் பதினைந்து மார்க் கேள்வியாக வருமே, ரன் லெங்த் என்கோடிங், அதுவேதான். ஆச்சி அங்கே டீகோட் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு போனுக்கு இரண்டு வரிசை, சில நாள் மூன்று. வரிசை முடிந்ததும் கட்டைவிரலால் எண்ணிவிட்டு "சரி, மேல சொல்லு" என்பார். முன்பெல்லாம் போன் பண்ணினால் "சாப்பிட்டியா, வெயில் எப்படி" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது நாற்பது நிமிஷம் ஆகிறது. நடுநடுவே நாசரேத் கதை, தாத்தா கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் வந்துவிடுகின்றன.

போட்டுக்கொண்டிருப்பது முன் அறை ஜன்னலுக்கு ஒரு திரை. அகலம் 60 கட்டம், நடுவில் இரண்டு மயில். நேற்றோடு 31 வரிசை ஆகிறது. மயிலின் கழுத்து வரை வந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு டப்பாவைத் திரும்ப அலமாரியில் முன் தட்டில் வைத்திருக்கிறாராம்.

கொசுறு: முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு. முதலிலேயே மெல்லிய வெள்ளை நூல் வாங்காதீர்கள். லேஸ் நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும், 40-ஆம் எண் 20-ஐவிட மெல்லியது. ஆரம்பத்துக்கு வெளிர் நிறத்தில் தடித்த பருத்தி நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும். 35 சங்கிலி போட்டால் பத்து ஜன்னல் வரும். முடித்ததும் கோணல்மாணலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நீர்த்த சோற்றுக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, பாய் மேல் ஒரு துண்டை விரித்து, நான்கு ஓரமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். ஜன்னல் எல்லாம் சதுரமாகிவிடும். உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மங்கிக்கொண்டு வந்து, கை மட்டும் பழைய வேலையைத் தேடிக்கொண்டிருந்தால், தடித்த நூலில் பத்து ஜன்னல் போட்டு அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.